இசை வளர்த்த ஜாலஹள்ளி வால்வுகள்

பிறந்த ஊரை விட்டுப் பணி நாடிப் பெங்களூர் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் உடன் கொணர்ந்த பொருள்கள் மிகச் சிலவே. குத்துவிளக்கு ஒன்று, அம்மி ஒன்று, நான்கைந்து பித்தளைப் பாத்திரங்கள், அட்டை கிழிந்த திருக்குறள் ஒன்று: பலருக்கும் இவ்வளவே செல்வம். காலனியில் வீடு கிடைத்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்த பின்னர், மாதந்தோறும் மிச்சம் பிடித்து அவர்கள் வாங்கிய முதற் பெரும்பொருள் யாது என வினவினால், ரேடியோப் பெட்டி என்றே மூத்தோர் பலரும் விடை பகர்வர்.

மாலையில் அப்பெட்டியின் திருகைத் திருப்பிவிட்டு அரை நிமிடம் பொறுத்திருத்தல் வேண்டும். உள்ளே இழைகள் சூடேறிச் செந்நிறம் கொள்ளும். முகப்பில் பச்சைக் கண் ஒன்று மெல்ல விழிக்கும். பிறகு திருச்சியும் சென்னையும் இலங்கையும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடும். மார்கழி வைகறையில் திருப்பாவையும், இரவில் நாகசுரமும் அப்பெட்டியின் வழியே நம் செவிகளை எட்டின. தாய்மொழியின் ஓசை தெருவிற் கேளாத ஊரில், அப்பெட்டியே பலருக்குத் தாய்வீடாக இருந்தது.

அப்பெட்டிக்குள் ஒளிர்ந்த கண்ணாடிக் குழாய்களே 'வால்வுகள்' எனப்பட்டவை. அவற்றுட் பல நம் காலனிக்கு அண்மையில், ஜாலஹள்ளியிலேயே செய்யப்பட்டவை. டிரான்சிஸ்டர் வந்ததும் அவற்றை மறந்தோம். பழம்பெட்டியோடு சேர்த்து எடைக்குப் போட்டோம். இன்றோ, இசையைத் தூய்மையாகக் கேட்க விரும்பும் ஹை-ஃபை ஆர்வலர் உலகெங்கும் பழைய வால்வுகளைத் தேடித் தேடி வாங்குகின்றனர். எந்த வால்வை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே அவர்களிடையே பெரும்பேச்சு. அத்தேர்வுக்கு உற்ற துணை வால்வின் வரலாறே என்பது எம் துணிபு. அதனை யாம் உணர்ந்தது ஏமாந்த பின்னர்.

ஏமாந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு, எம் தந்தையார் விட்டுச்சென்ற ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் செப்பனிட விரும்பினோம். அதில் இ.எல். 84 என்னும் வால்வுகள் இரண்டு தேவைப்பட்டன. எஸ்.பி. ரோட்டின் சந்து ஒன்றில் அமர்ந்து விற்ற ஒருவர், புகழ்பெற்ற ஆங்கில நிறுவனத்தின் பெயர் பொறித்த இணை ஒன்றைக் காட்டினார். "ஐம்பது ஆண்டுக்கு முன் சீமையிலிருந்து வந்தது, இனிக் கிடைக்காது" என்றார். இணைக்கு ஆறாயிரம் ரூபாய் கொடுத்து, வென்ற களிப்போடு வீடு திரும்பினோம்.

எம் தெருவில் எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். கோலார் தங்கவயற் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். இளமையில் ஜாலஹள்ளி வந்து, வால்வு கோக்கும் பணியில் ஆண்டுகள் பல கழித்தவர். பெருமை பேசும் விருப்பத்தால் அவரிடம் அவ்வால்வைக் கொடுத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, ஒளிக்கு நேரே பிடித்து, உள்ளிருக்கும் தகட்டையும் வளையத்தையும் நெடுநேரம் நோக்கினார். பிறகு குளிர்ந்த கண்ணாடியின்மேல் வாயால் ஆவி படிய ஊதினார். துடைத்து அழித்த பழைய எழுத்துகளின் சாயல், ஆவி படிந்த அவ்விடத்தில் ஒரு கணம் தோன்றி மறைந்தது. 'இந்தியா' என்று முடியும் அவ்வெழுத்துகள் நாம் அறியாதனவல்ல; நம் தொழிற்சாலையின் முத்திரையே அது.

"தம்பி, பெயர்தான் ஊரார் பெயர், செய்த கை நம்முடைய கை" என்று சொல்லிச் சிரித்தார் அம்மையார். "அப்படியானால் இது நல்ல வால்வுதானா அம்மா?" என்று வினவினோம். "அதை எழுத்து சொல்லாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

ஆறாயிரம் ரூபாய்க்கு யாம் பெற்ற பாடம் அது. நம் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிற் பிறந்த பொருளை, அயலார் பெயர் சூடிய காரணத்தால் மட்டுமே உயர்ந்ததென எண்ணி வாங்கினோம். அப்பெயர் இல்லாதிருப்பின் ஏறெடுத்தும் பார்த்திருக்கமாட்டோம். அம்மையாரின் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

விளக்கின் தம்பி

வால்வு மின்விளக்கின் உடன்பிறப்பு. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 1902ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலுக்கும், 1905ஆம் ஆண்டில் பெங்களூர் நகரத்துக்கும் வந்தது என்பது நம்மூர் வரலாறு. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு முந்தைய ஆண்டாகிய 1904இல், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஆம்புரோஸ் பிளெமிங், விளக்குக் குமிழுக்குள் இழையோடு ஓர் உலோகத் தகட்டையும் வைத்து, அதன் வழியே மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே பாய்வதைப் பயன்கொண்டார். ஒரு புறம் மட்டும் திறக்கும் அடைப்பைப் போன்றதாகலின் அதற்கு 'வால்வு' என்று பெயரிட்டார். 1906இல் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் இடையே கம்பிவலை ஒன்றைப் புகுத்தினார். உலகை மாற்றியது அச்சிறு வலையே.

அதன் செயலை நம் ஏரி மதகைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஏரியில் நீர் நிறைந்திருக்கிறது. வாய்க்கால் கீழே காத்திருக்கிறது. இடையில் நிற்கும் மதகுப் பலகையை ஒருவன் சிறிதே உயர்த்தினாலும் தாழ்த்தினாலும், பாயும் வெள்ளம் பெரிதும் கூடும், குறையும். வால்வினுள் சூடேறிய 'கேதோடு' ஏரி. நேர்மின் ஏற்றிய 'ஆனோடு' வாய்க்கால். நடுவில் உள்ள வலை மதகு. மைக்கிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ வரும் மிகச் சிறிய மின்துடிப்பு வலையை அசைக்க, அதே வடிவில் பெரிய மின்னோட்டம் ஆனோடிற் பாய்கிறது. ஒலியைப் பெருக்குதல் என்பது இதுவே.

இவ்வலையின் ஆற்றலால் 1915இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரையில் தொலைபேசியிற் பேச முடிந்தது. 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் நிறுவப்பட்டு, அவ்வாண்டே ஒலிபரப்பைத் தொடங்கியது. 1925இல் கொழும்பு வானொலி பிறந்தது. 1935இல் மைசூரில் உளவியற் பேராசிரியர் கோபாலசாமி, 30 வாட் ஆற்றலுடைய ஒலிபரப்பி ஒன்றைத் தம் இல்லத்திலேயே அமைத்தார். 'ஆகாசவாணி' என்று அந்நிலையம் பெற்ற பெயரே பின்னாளில் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அனைத்திந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. மைசூர் நிலையம் 1955இல் பெங்களூருக்கு வந்தது. இவை யாவும் வால்வு இட்ட பிச்சை.

மெய்யொலி நாடிய காலம்

தொடக்கத்தில் ஒலி கேட்டாற் போதும் என்றிருந்தனர். பின்னர், பாடகர் குரல் பாடகர் குரலாகவே கேட்க வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. மூல ஒலியைத் திரிக்காமல் தரும் இக்கொள்கையையே 'ஹை-ஃபை' என்பர். அதற்குரிய படிகள் ஒவ்வொன்றாக அமைந்தன. 1926இல் ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் ஆய்வகத்தில் டெல்லிஜன் என்பார் ஐந்து மின்முனைகள் கொண்ட 'பென்டோடு' வால்வை அமைத்தார். 1927இல் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்டு பிளாக், வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே செலுத்தினால் திரிபு குறையும் என்று கண்டார். 1936இல் அமெரிக்காவின் 6எல்6 வால்வும், அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் கே.டி. 66 வால்வும் வந்தன. நம் ஊர்த் திருவிழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் முழங்கிய மைக் செட்டுகள் இத்தகைய வால்வுகளாலேயே முழங்கின.

1947இல் இங்கிலாந்துப் பொறியாளர் வில்லியம்சன், கே.டி. 66 வால்வுகளைக் கொண்டு தாம் அமைத்த ஆம்ப்ளிஃபையரின் முழு விவரத்தையும் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்டார். உலகெங்கும் ஆர்வலர் அதனைப் பார்த்துத் தாமே செய்துகொண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் பிலிப்ஸ் குழுமம் இ.எல். 84 என்னும் சிறிய வால்வை அளித்தது. கட்டைவிரல் அளவேயான அது, இரண்டு சேர்ந்தால் ஒரு கூடத்தை இசையால் நிரப்பும். அதனைக் கொண்டு இங்கிலாந்தின் முல்லார்டு நிறுவனம் 1950களின் நடுவில் 'ஐந்து-பத்து' என்னும் ஆம்ப்ளிஃபையர் அமைப்பை வெளியிட்டது. ஐந்து வால்வுகள், பத்து வாட் ஒலி, ஆகலின் அப்பெயர். இல்லங்களில் ஹை-ஃபை பரவ அதுவும் பெருங்காரணம். பீட்டில்ஸ் குழுவினர் மேடைக்குக் கொண்டுசென்ற வாக்ஸ் நிறுவனத்தின் கிடார் ஆம்ப்ளிஃபையரில் இருந்தவையும் இ.எல். 84 வால்வுகளே.

ஜாலஹள்ளியில் வால்வு பிறந்தது

பெங்களூர் தொழில் நகரமாக உருவெடுத்த காலம் அது. 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் ஜாலஹள்ளியில் இயந்திரக் கருவித் தொழிற்சாலை எனத் தொடர்ந்த வரிசையில், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அமைந்தது. பிரான்சு நாட்டின் சி.எஸ்.எஃப். நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு, பாதுகாப்புத் துறைக்கு வேண்டும் செய்தித்தொடர்புக் கருவிகளைச் செய்தல் அதன் முதற்கடன். 1956இல் கருவிகளைச் செய்யத் தொடங்கிய அந்நிறுவனம், 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யலாயிற்று. இதற்குத் தொழில்நுட்பம் தந்தது பிலிப்ஸ்.

அதன் அருமையை அக்காலச் சூழலில் வைத்து உணர்தல் வேண்டும். 1957 முதல் நாடு அன்னியச் செலாவணி நெருக்கடியில் உழன்றது. இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு. ஒரு வால்வு பழுதானால் ஒரு குடும்பத்தின் ரேடியோ ஊமையாகும். போர்முனையில் ஒரு வால்வு பழுதானால் ஒரு படைப்பிரிவின் செவியே அடைபடும். அந்நிலையில் நம் நாட்டிலேயே வால்வு செய்தது, பண்டம் ஒன்றைச் செய்ததோடு ஒழிந்த செயலன்று. பிறர் கையை எதிர்பாராமல் பேசவும் கேட்கவும் பெற்ற உரிமையாகும்.

வால்வு செய்தல் எளிய தொழிலன்று. மெல்லிய நிக்கல் குழாயின்மேல் பேரியம், ஸ்டிரான்ஷியம் சேர்மங்களைப் பூசிக் கேதோடு ஆக்குவர். அதனுள் டங்ஸ்டன் இழையைச் செருகுவர். தலைமயிரினும் மெல்லிய கம்பியை இரு தண்டுகளின்மேல் ஒரே சீரான இடைவெளியிற் சுற்றி வலை அமைப்பர். இவற்றைத் துளையிட்ட அபிரகத் தகடுகள் இரண்டின் இடையே நிறுத்திக் கோப்பர். பிறகு கண்ணாடிக்குள் இட்டு உருக்கி மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவர். எஞ்சிய சிறு காற்றையும் பிடித்துக்கொள்ள, 'கெட்டர்' என்னும் வளையத்தில் உள்ள பேரியத்தைச் சூடேற்றி ஆவியாக்குவர். வால்வின் உச்சியில் வெள்ளி போல் மின்னும் பூச்சு அதுவே. இறுதியாகச் சில மணி நேரம் எரியவிட்டுச் சோதிப்பர்.

கோக்கும் வேலையை உலகெங்கும் வால்வுச் சாலைகளில் பெரும்பாலும் பெண்களே செய்தனர். "ஒரு தூசு விழுந்தாலும், ஒரு கம்பி மயிரளவு சாய்ந்தாலும் வால்வு வீண். மூச்சையே மெல்ல விடுவோம்" என்று எம் தெரு அம்மையார் கூறினார். "பக்கத்து நாற்காலியில் கன்னடப் பெண், அதற்கடுத்து மலையாளப் பெண். என் கன்னடமெல்லாம் அந்த மேசையில் கற்றதுதான்" என்றும் சொன்னார். ரேடியோவில் நாம் கேட்ட இசையின் பின்னே இத்தனை பேரின் மூச்சடக்கம் இருந்தது.

இங்கு ஊழின் விளையாட்டு ஒன்றையும் குறிப்பிடல் தகும். வில்லியம்சன் தம் ஆம்ப்ளிஃபையரை வெளியிட்ட அதே 1947ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. ஜாலஹள்ளியில் 1961இல் வால்வு பிறந்தது; 1962இல் அதே நிறுவனத்தில் ஜெர்மானியம் குறைகடத்திகளின் உற்பத்தியும் தொடங்கியது. வால்வும் அதனை வெல்ல வந்த பகையும் ஒரே கூரையின்கீழ் ஓராண்டு இடைவெளியிற் பிறந்தன! 1964இல் வானொலி நிலையங்களுக்குரிய ஒலிபரப்பிகள், 1967இல் ஒலிபரப்புக் குழாய்கள், 1970இல் தொலைக்காட்சிப் படக்குழாய்கள் என நிறுவனம் மேன்மேலும் வளர்ந்தது. வானொலி வால்வோ காலப்போக்கில் வழக்கொழிந்தது. அதன் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆயின. இன்று புதிய வால்வுகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனம் முதலிய நாடுகளிலிருந்து வருகின்றன. பழையன வேண்டுவோர் பெட்டிகளிலும் பரண்களிலும் தேடுகின்றனர்.

பெயரைப் படிக்கும் முறை

வால்வின்மேல் உள்ள எழுத்துகள் மந்திரமல்ல. ஐரோப்பிய முறையில் முதலெழுத்து இழையின் மின்னளவைக் குறிக்கும்: 'இ' எனின் 6.3 வோல்ட். அடுத்து வருவன உள்ளிருக்கும் உறுப்புகள்: 'சி' மூன்று மின்முனைகள் கொண்ட டிரையோடு, 'எஃப்' சிறு ஒலிக்குரிய பென்டோடு, 'எல்' பேரொலிக்குரிய பென்டோடு, 'இசட்' மாறுமின்சாரத்தை நேராக்கும் உறுப்பு, 'எம்' பச்சைக் கண். எண் 80களில் இருப்பின் ஒன்பது ஊசிகள் கொண்ட அடி என்பது பொருள். ஆகவே இ.சி.சி. 83 என்றால், 6.3 வோல்ட்டில் எரியும், ஒரே குமிழுக்குள் இரண்டு டிரையோடுகள் கொண்ட, ஒன்பது ஊசி வால்வு. பரணில் உள்ள பழைய பெட்டியை இறக்கி, உங்கள் பிள்ளைகளைக் கொண்டு இவ்வெழுத்துகளைப் படிக்கச் செய்யுங்கள். பாட்டனார் கேட்ட இசையின் இலக்கணத்தை அவர்கள் அறிந்துகொள்வர். ஆனால் மின்இணைப்பு நீக்கிய நிலையிலும் பின்மூடியைச் சிறுவர் திறத்தல் ஆகாது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, ஆம்ப்ளிஃபையர் எதனைக் கேட்கிறதோ அதனையே இடுதல் வேண்டும். இ.சி.சி. 81, 82, 83 ஆகிய மூன்றும் உருவில் ஒத்தவை. ஊசிகளும் ஒரே வரிசையின. ஆயினும் அவற்றின் பெருக்கம் முறையே ஏறக்குறைய 60, 20, 100 ஆகும். உருவம் ஒத்ததே என்று மாற்றி வைத்தல், மிருதங்கத்துக்குத் தவில் வைப்பதை ஒக்கும்.

இரண்டாவது, கண்ணால் நோக்குக. உச்சியில் உள்ள பூச்சு வெள்ளியாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் தவறில்லை, பால் போல் வெளுத்திருப்பின் உள்ளே காற்றுப் புகுந்தது என்பது உறுதி, விலக்குக. ஊசிகள் நேராக உள்ளனவா, மெல்ல அசைத்தால் உள்ளே உறுப்பு உடைந்து ஆடுகிறதா என்றும் காண்க.

மூன்றாவது, சோதித்தே வாங்குக. கேதோடின் ஆற்றல் தேய்ந்ததா, வலையின் கட்டுப்பாடு குறைந்ததா என்பதை வால்வு சோதிக்கும் கருவியே சொல்லும். இரண்டு வால்வுகள் இணைந்து உழைக்கும் இடத்தில், நுகத்தில் பூட்டும் காளைகளைப் போல் இரண்டும் ஒத்த வலிமை உடையனவாதல் வேண்டும். ஒரே பெயர் பொறித்திருப்பதால் மட்டும் அவை இணையாகிவிடா.

நான்காவது, எரியும்போது நோக்குக. கண்ணாடியின் உட்புறத்தில் மட்டும் மெல்லிய நீலஒளி படர்ந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. உறுப்புகளின் இடையே ஊதா நிறப் புகை போன்ற ஒளி நின்றால், உள்ளே வாயு உள்ளது, அதனை நீக்குக. ஆனோடுத் தகடே சிவந்து கனன்றால் உடனே இணைப்பைத் துண்டித்தல் வேண்டும்.

ஐந்தாவது, காதால் கேட்க. முதற்கட்டத்தில் நிற்கும் வால்வின் சிறு குறையும் பன்மடங்கு பெருகும். அதனை மரப்பென்சிலால் மெல்லத் தட்டினால், நல்ல வால்வு பெரும்பாலும் அமைதி காக்கும். தளர்ந்த வால்வு ஸ்பீக்கரில் மணி போல் ஒலிக்கும். நம்மவர்க்கு இதனினும் சிறந்த சோதனை ஒன்று உண்டு. தம்பூரா மட்டும் ஒலிக்கும் இசைத்தட்டைக் கேளுங்கள். சுருதிக்கு அடியில் சுருதியோடு சேராத இரைச்சல் ஒன்று ஓடுகிறதெனின், இழையிலிருந்து கேதோடுக்கு மின்சாரம் கசிதல் அதற்கு ஒரு காரணமாகலாம். இசை பயின்ற செவிக்கு அது தப்பாது.

ஆறாவது, வால்வின்மேல் பழி போடுமுன் பிறவற்றை ஆராய்க. ஐம்பது அறுபது ஆண்டு பழைய கருவியில் முதலிற் கெடுவன கண்டன்சர்களே. இரு கட்டங்களை இணைக்கும் கண்டன்சர் கசிந்தால், இ.எல். 84இன் வலை நிலைகுலைந்து, தகடு சிவந்து, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த வால்வு சில மணியில் மாளும். சில ரூபாய்க் கண்டன்சர் அரும்பொருளைக் கொல்லும் விந்தை இது. மேலும், மெய்யொலிக்கு வால்வைப் போலவே வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரும் இன்றியமையாதது. வில்லியம்சன் பெரிதும் கருத்துச் செலுத்திய உறுப்பு அது. தாழ்ந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு உயர்ந்த வால்வு இடுதல், ஓட்டைக் குடத்துக்குப் பட்டுறை போடுதலாகும்.

ஏழாவது, பெயரை இறுதியில் நோக்குக. வால்வின் புறத்தே உள்ள எழுத்து எளிதில் அழியும். எளிதில் எழுதவும் படும். அன்றியும், அக்கால நிறுவனங்களே ஒன்றன் வால்வை ஒன்று வாங்கித் தன் பெயரிட்டு விற்ற வழக்கம் உண்டு. ஆகவே உள்ளமைப்பே சான்று, எழுத்து அன்று. ஆங்கில முல்லார்டும் நம் ஜாலஹள்ளி வால்வும் ஒரே பிலிப்ஸ் மரபில் வந்தவை. முறையாகச் சோதித்துத் தேறிய நம் வால்வு, சோதனையிற் தோற்ற சீமை வால்வினும் மேலானது என்பதில் ஐயமில்லை. அதற்காக, நம்மூர்ப் பொருள் என்பதனாலேயே தேய்ந்துபோன வால்வை உயர்ந்ததென்று போற்றுதலும் பிழையே. எப்பொருள் யார்வாய்க் கிடைப்பினும் அதன் மெய்ம்மையை ஆராய்தலே அறிவு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. இக்கருவிகளின் உள்ளே 300 வோல்ட் அளவும் அதற்கு மேலும் மின்னழுத்தம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் கண்டன்சர்களில் அது தங்கி நிற்கும். தொழில் அறிந்தவரைக் கொண்டன்றிப் பின்மூடியைத் திறத்தல் கூடாது. பல்லாண்டு உறங்கிய பெட்டியை ஆர்வ மிகுதியால் நேரே மின்சாரத்தில் இணைத்தலும் கூடாது.

நம் கடன்

அம்மையார் சொற்படி எம் இணையைச் சோதித்தோம். ஒன்று முழு வலிமையோடு இருந்தது, மற்றொன்று தேய்ந்திருந்தது. அவர் தம் அலமாரியின் அடித்தட்டில் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அட்டைப்பெட்டி இல்லை, பொன்னெழுத்து இல்லை, 'இந்தியா' என்னும் எழுத்து மட்டும் பாதி தேய்ந்து நின்றது. சோதனையில் அது முன்னதற்கு ஒத்த இணையாயிற்று. அன்று மாலை அந்த ஆம்ப்ளிஃபையரில் வீணை இசைத்தட்டு ஒன்றை வைத்தோம். அம்மையார் இசையைக் கேட்டாரோ, வால்வைப் பார்த்தாரோ அறியோம். இசைத்தட்டு முடியும்வரை அவர் கண்கள் அந்தச் செவ்வொளியை விட்டு அகலவில்லை. "எத்தனையோ ஆயிரம் செய்தோம் தம்பி, எரிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து பாட்டுக் கேட்டது இன்றுதான்" என்றார்.

அன்பர்களே! நம் காலனிகளில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. பரண்கள் காலியாகின்றன. வால்வுகள் எடைக்குப் போகின்றன. அவற்றைச் செய்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். வால்வையேனும் அயல்நாட்டார் தேடி வாங்கிக் காப்பர்; அதைச் செய்த கைகளின் கதையை நாமன்றி யார் காப்பார்? ஒவ்வோர் இல்லத்திலும் உள்ள மூத்தோரை அணுகி, அவர்கள் எந்த மேசையில் அமர்ந்து என்ன செய்தனர், யாரிடம் கற்றனர், என்ன பாடுபட்டனர் என்பதைக் கேட்டு எழுதி வைத்தல் நம் கடன். அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய நினைவுகள் பத்தேனும் இடம்பெறுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றோராவோம்.

நமக்கு வாழ்வளித்த கன்னட நாடும், நம்மை இணைக்கும் தமிழும், உழைத்து ஓய்ந்த அக்கைகளும் நீடு வாழ்க!